என் சக்களத்தி ஒரு பைலட்

என் சக்களத்தி ஓர் ஆம்பளை. ஆறடி உயரம், முறுக்கிவிட்ட மீசை, சிரித்தால் சமையலறைப் பாத்திரம் வரைக்கும் அதிரும். விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறார். என் வீட்டுக்காரர் அதே ஹெலிகாப்டரில் ஃப்ளைட் இன்ஜினியர். இரண்டு பேரும் வருஷக்கணக்காக ஒன்றாகப் பறந்தவர்கள். அந்த மனிதரிடமிருந்து போன் வந்தால் இவர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். நான் கூப்பிட்டால் "ம்" என்பார். அந்த ஒற்றை "ம்"மை வைத்துக்கொண்டு இது சரியா, வேண்டாமா, பசிக்கிறதா, கோபமா என்று கண்டுபிடிக்கப் பழகவே எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். வேறொரு பொம்பளையாக இருந்தால் தெருவில் இறங்கிச் சண்டை போடலாம், நாலு பேர் நம் பக்கம் பேசுவார்கள். இவரோடு என்னவென்று சண்டை போட? வீட்டுக்கு வந்தால் இந்தியில் அண்ணி முறை வைத்து "பாபீஜி" என்று குனிந்து கும்பிடுகிறார். நான் வைத்த ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிக்கிறார்.

எங்கள் தெரு தென்காசியில் இருக்கிறது. பாதி வீடுகளில் ஆம்பளைகள் கல்ஃபில். எதிர்வீட்டுத் தங்கச்சியின் மாப்பிள்ளை தம்மாமில் வேலை பார்க்கிறார். சாயங்காலமானால் அவளுக்கு வீடியோ கால் வந்துவிடும். என்ன குழம்பு, யார் வந்தது, மழை பெய்ததா, பூனை குட்டி போட்டதா என்று அந்த மனுசன் ஒன்றுவிடாமல் கேட்பார். "பேசிப் பேசியே கொல்லுதாவக்கா" என்று அவள் என்னிடம் அலுத்துக்கொள்வாள். கடல் தாண்டி இருக்கிறவர் அப்படிப் பேசுகிறார். லீவில் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற என் ஆள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு வயிறு எரியாதா?

பிறவியிலேயே பேசாத ஜாதி என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒரு நாள் கொள்ளி வைத்தார்கள். நாங்கள் வடக்கே குவார்ட்டர்ஸில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்தான் சொன்னாள். ஹெலிகாப்டர் இறங்கும்போது ஓட்டுகிறவருக்குப் பின்பக்கம் தெரியாதாம். என் வீட்டுக்காரர் பின் கதவோரம் குப்புறப் படுத்து, தலையை வெளியே நீட்டி, வாலுக்கும் மரத்துக்கும் எவ்வளவு இடைவெளி, கீழே கல் இருக்கிறதா, கம்பி இருக்கிறதா என்று இன்டர்காமில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஒரு நொடிகூட நிறுத்தக் கூடாதாம். அந்தப் பேச்சை நம்பித்தான் வண்டி இறங்குமாம். இவர் பேச்சுதான் யூனிட்டிலேயே பிரமாதமாம். பைலட்டுகள் இவர் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போவார்களாம்.

யார்? என் வீட்டுக்காரர்! பேச்சில் பிரமாதம்! அடுப்பில் பால் பொங்கி வழிவதைக் கண்ணால் பார்த்தும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாத மனிதர்.

அதிலிருந்துதான் எனக்கு அந்தப் பைலட் மேல் ஆகாமல் போனது. எனக்கு வரவேண்டிய பேச்சையெல்லாம் அந்த ஆள் காதில் மாட்டிக்கொண்டு சம்பளமும் வாங்குகிறார் என்று தோன்றிவிட்டது.

பொய் சொல்லக் கூடாது. என்னிடமும் ஒரு லீவு முழுக்க அவர் பேசியிருக்கிறார். கார் ஓட்டப் பழக்கியபோது. இலஞ்சி வழியாகக் குற்றாலம் போகிற ரோட்டில் காலையிலேயே கூட்டிப் போய்விடுவார். ஊரில் மற்ற ஆம்பளைகள் பெண்டாட்டிக்குக் கார் பழக்கினால் ரெண்டாம் நாளே வீட்டில் அடுப்பு எரியாது. இவர் ஒரு அதட்டல் போட்டதில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் இறங்கிப் பின்னால் போய் நின்றுகொள்வார். "கண்ணாடியப் பாக்காத. என் சத்தத்த மட்டும் கேளு. ஏட்டி, பைய... பைய வா... இடது பக்கம் ஒடி... நான் இருக்கேம்லா." எங்கள் வாசல் கதவில் இரண்டு பக்கமும் விரல் நுழைகிற இடைவெளிதான். அவர் குரலைக் கேட்டுக்கொண்டே ஒரு கீறல் இல்லாமல் உள்ளே விட்டுவிடுவேன்.

ஏட்டி என்று அவர் என்னை மட்டும்தான் கூப்பிடுவார். மகளைக்கூடக் கூப்பிடமாட்டார். எங்கள் பக்கத்தில் அது உரிமைக்காரர்கள் வாயில் வருகிற சொல். குவார்ட்டர்ஸில் ஒரு விருந்தில் எல்லோர் முன்னாலும் "ஏட்டி, இங்கன வா" என்றுவிட்டார். கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும், நாலு பேர் இருக்கிற இடத்தில் அப்படிக் கூப்பிடாதீர்கள் என்றேன். நியாயம்தானே? அந்த மனிதர் வீட்டுக்குள்ளேயும் நிறுத்திவிட்டார். வெளியே வேண்டாம் என்றால் உள்ளேயுமா வேண்டாம் என்று அர்த்தம்? அதன் பிறகு நான் இவருக்கு யார், என்னவென்று கூப்பிடுகிறார் என்று எனக்கே தெரியாது. "இங்க பாரு" என்பார். அவ்வளவுதான்.

அந்தச் சம்பவத்துக்கு வருகிறேன். எந்தக் காடு, எந்த மாநிலம் என்று எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி அவராக என்னிடம் சொன்னது அது ஒன்றைத்தான், எனவே எழுதவில்லை.

ஒரு சாயங்காலம் போன் வந்தது. "கைல லேசா சிராய்ப்பு. ஒண்ணும் இல்ல. நீ சாப்பிட்டியா?"

"என்ன சிராய்ப்பு? எப்படி ஆச்சு? எங்க இருக்கீய?"

"ம்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் டி.வி.யில் காட்டினார்கள். காட்டுக்குள் சிக்கிக்கொண்ட வீரர்களை, துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவில் இறங்கித் தூக்கிக்கொண்டு வந்த ஹெலிகாப்டர். அதன் வயிற்றில் ஓட்டைகள். குழுவில் ஒருவருக்குத் தோளில் குண்டு பாய்ந்தது என்று செய்தி வாசிக்கிற பெண் சொன்னாள். பொட்டு கலையாமல், தலைமுடி பறக்காமல் சொன்னாள். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. சிராய்ப்பாம்!

அழுதுகொண்டே ரயிலேறிப் போய் ஆஸ்பத்திரி அறைக் கதவைத் திறக்கிறேன், கட்டில் பக்கத்தில் அந்தப் பைலட் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்து இவர் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் தலையைச் சாய்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. வழியெல்லாம் அழுத அழுகை அந்த இடத்திலேயே காய்ந்துபோனது. சாத்துக்குடியைப் பிடுங்கி நான் உரித்தேன். உரித்த வேகத்தில் சாறு முழுக்கப் படுக்கை விரிப்பில் போனது.

"என்ன நடந்துச்சு? சொல்லுதீயளா, மாட்டீயளா?" என்று பைலட் சார் வெளியே போனதும் கேட்டேன்.

"அதான் வந்துட்டேம்லா" என்றார்.

பிறகு பதக்கம் கொடுத்தார்கள். ஊரில் மாலை போட்டார்கள். பலசரக்குக் கடை அண்ணாச்சி பருப்பை நிறுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஒங்ககிட்ட எல்லாம் சொல்லிருப்பாவல்லா தாயி, சொல்லுங்க, கேப்போம்." கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலுக்கு வேண்டுதல் செலுத்தப் போன இடத்திலும் சொந்தக்காரப் பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். நான் பேப்பரில் படித்ததையே உப்பு புளி போட்டுச் சொன்னேன். அவர்கள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டார்கள். கட்டின பெண்டாட்டி, புருஷன் குண்டடிபட்ட கதையைப் பேப்பரைப் பார்த்து ஒப்பிக்கிறேன். இதைவிடக் கேவலம் உண்டா?

அன்றைக்கே ஒரு வைராக்கியம் வைத்தேன். இனி நானாகக் கேட்கமாட்டேன். அவர் வாயால் அவராக எனக்குச் சொல்ல வேண்டும். பைலட்டுக்குச் சொன்னதில் பாதியாவது எனக்குச் சொல்லட்டும். சொல்லாவிட்டால், அந்தக் குண்டு பட்ட நாளில் நான் அவருக்கு யாருமே இல்லை என்று எடுத்துக்கொள்வேன். நாள் போனது, மாதங்கள் போயின. இவர் தோளுக்குத் தைலம் தேய்க்கையில் அந்தத் தழும்பு என் விரலில் தட்டும். "வலிக்கா?" என்பேன். "ம்ஹூம்" என்பார். அதற்கு மேல் இல்லை.

இந்த வருஷம் சாரல் சீசனில் பைலட் சார் வந்தார். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். போவதற்கு முன்னால் குற்றாலத்தில் குளிக்க வேண்டுமாம். இவர் ரயில்நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்க் காத்திருந்தார். என்னை அழைக்க இவர் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. நான் தேங்காய்ப்பால் சொதி வைத்தேன், இஞ்சித் துவையல் அரைத்தேன். கோபம் வேறு, விருந்து வேறு. சார் தட்டை வழித்துச் சாப்பிட்டார். இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் இந்தியில் பேசிப் பேசிச் சிரித்தார்கள். என் வீட்டுக்காரருக்குச் சிரிக்கும்போது வலது கன்னத்தில் ஒரு குழி விழும். அதை நான் பார்த்தே நாளாகியிருந்தது. அப்பளத்தைக் கருகவிட்டேன். வேண்டுமென்றுதான்.

மறுநாள் ஐந்தருவிக்குப் புறப்பட்டோம். இவருக்கு இடது தோளைத் தூக்க முடியாது, எனவே இப்போதெல்லாம் கார் ஓட்டுவது நான்தான். முன் சீட்டில் என் பக்கத்தில் உட்காருவார் என்று பார்த்தால், சாரோடு பின்னால் ஏறிக்கொண்டார். நான் முன்னால் தன்னந்தனியாக, வாடகைக்கார் டிரைவர் மாதிரி. பின்னால் இருந்து சிரிப்பு. மேலகரம் தாண்டும்வரை ஒவ்வொரு குழியிலும் ஏற்றி இறக்கினேன். "ரோடு மோசம்" என்றார் சார். ஆமாம் சார், ரொம்ப மோசம்.

அருவியில் நல்ல தண்ணீர். கூட்டமும் அப்படித்தான். காரை மதிலோரம் ஒரு பொந்தில் விட்டுவிட்டு, இரண்டு பேரும் ஆண்கள் பக்கம் போனார்கள். நான் துணிப்பையையும் செல்போன்களையும் காவல் காத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் அருவிக்குள் போனால் லேசில் வெளியே வரமாட்டார். சார் கொஞ்ச நேரத்திலேயே உதடு வெளுத்து, பல் கிட்டிக்க வந்துவிட்டார். துண்டை எடுத்துக் கொடுத்தேன். போர்த்திக்கொண்டு எனக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தார்.

குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் நானும் இந்தி பழகியிருக்கிறேன். அவர் இந்தியில் சொன்னதைத்தான் தமிழில் எழுதுகிறேன்.

"பாபீஜி, அன்றைக்கு நடந்ததை அவன் உங்களிடம் சொல்லியிருப்பான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இல்லை சார். உங்களிடம்தான் எல்லாம் சொல்வார்" என்றேன்.

அவர் துண்டால் காதைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அவராகச் சொல்ல ஆரம்பித்தார். அடிபட்ட வீரர்கள் காட்டுக்குள் ஒரு சின்ன வெட்டவெளியில் கிடந்தார்கள். முதல் தடவை போனபோது கீழேயிருந்து சுட்டதில் இறங்க முடியாமல் திரும்ப வேண்டியதாயிற்று. கீழே ரத்தம் போய்க்கொண்டிருந்த ஒரு பையன் இருட்டும் வரை தாங்கமாட்டான் என்று ரேடியோவில் சொன்னார்கள். திரும்பப் போகலாமா என்று சார் குழுவைக் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் யோசிப்பதற்குள் பின்னாலிருந்து இவர் குரல்தான் முதலில் வந்ததாம். "போவோம் சார்."

போனார்கள். சுற்றிலும் உயரமான மரங்கள். நடுவில் ஹெலிகாப்டர் நுழைய இடம் இருந்தது, பிசக இடம் இல்லை. இவர் கதவோரம் படுத்துத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, கீழேயிருந்து சுடுவது கண்ணில் தெரிய, அடி அடியாகச் சொல்லி இறக்கியிருக்கிறார். இறங்கியதும் குதித்து ஓடி, அடிபட்டவர்களைத் தூக்கி உள்ளே போட்டிருக்கிறார். அந்தப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வரும்போதுதான் குண்டு பட்டது.

"எனக்குத் தெரியாது, பாபீஜி. பின்னால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். 'பின்னால் எல்லாம் சரி, தூக்குங்க' என்றான். எங்கள் வேலையில் அந்த வார்த்தையில் பொய் சொல்லக் கூடாது. அவன் என்னிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்."

அருவிச் சத்தத்துக்கு நடுவில் நான் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான் அழவில்லை. சிராய்ப்பு என்று எனக்குச் சொன்ன அதே வாய்தானே என்று மட்டும் நினைத்தேன்.

"மேலே ஏறும்போதுதான் சிக்கல். கிளைகளைத் தாண்டும் வரை அவன் குரல் இல்லாமல் நான் குருடன். சொல்லிக்கொண்டே வந்தான். பாதியில் அவன் பேச்சு மாறிவிட்டது. இந்தி இல்லை, இங்கிலீஷ் இல்லை. தமிழ். ஒரு வார்த்தை புரியவில்லை. கத்தினேன், அவன் காதில் ஏறவில்லை. ரத்தம் போய் அவனுக்கு நினைவு தடுமாறிவிட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. குரல் நிதானமாக இருந்தால் ஏறினேன், உயர்ந்தால் நின்றேன். அப்படித்தான் வெளியே வந்தோம்."

சார் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"எனக்கு இன்னும் ஒன்று உறுத்துகிறது. அத்தனை வருஷம் என்னோடு பேசியவன், அந்தக் கடைசி நேரத்தில் என்னோடு பேசவில்லை. வேறு யாரோடோ பேசினான். அது எனக்குக் குரலிலேயே தெரிந்தது. அப்படி ஒரு குரலில் என்னிடம் அவன் ஒருநாளும் பேசியதில்லை. கேட்டால் ஞாபகம் இல்லை என்கிறான். சில சத்தம் மட்டும் என் மண்டைக்குள்ளேயே நிற்கிறது. யூனிட்டில் ஒரு சென்னைப் பையனிடம் சொல்லிக் கேட்டேன். அவனுக்கும் முழுசாகத் தெரியவில்லை. உங்கள் ஊர்ப் பேச்சாக இருக்குமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெரிய மீசைக்குள்ளிருந்து, ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பது போல வந்தது.

"ஏட்டி. பைய... பைய வா... நான் இருக்கேம்லா."

துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவராகச் சொல்ல வேண்டும், என்னிடம் சொல்ல வேண்டும் என்று மாதக்கணக்காகப் புழுங்கிக்கொண்டிருந்தேனே, பாவி மனிதர் சொல்லியிருக்கிறார். தோளில் குண்டோடு, வானத்தில் தொங்கிக்கொண்டு, என்னிடம்தான் சொல்லியிருக்கிறார். நான்தான் அங்கே இல்லை. கேட்டது இந்த ஆள்.

"அந்த முதல் வார்த்தைக்கு என்ன அர்த்தம், பாபீஜி?"

வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் தலை சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். "என்ன பேசிட்டிருக்கீங்க?" என்றார்.

"ம்" என்றேன்.

ரம்புட்டான் வாங்கிக்கொண்டு காருக்கு வந்தோம். நாங்கள் விட்ட இடத்துக்குப் பின்னால் ஒரு பக்கம் வேனும் மறுபக்கம் ஆட்டோவும், நடுவில் ஒரு கார் நுழைகிற சந்து மட்டும் விட்டு நின்றன. பின்னால்தான் எடுத்தாக வேண்டும். சார் பின் சீட்டில் ஏறினார். என் வீட்டுக்காரர் எதுவும் சொல்லாமல் வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். ஜன்னலை இறக்கிவிட்டேன்.

"சரி, வா" என்றார்.

நான் நகரவில்லை.

"வா. இடம் இருக்கு."

நகரவில்லை. வேன்காரர் ஹாரன் அடித்தார். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன? வண்டியில கோளாறா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. கூப்பிடுத மாதிரி கூப்பிட்டா வரும்."

"எப்படிக் கூப்பிட?"

"காட்டுல கூப்பிட்டீயல்லா, அப்படி."

அவர் என்னைப் பார்த்தார். பின் சீட்டில் இருந்த சாரைப் பார்த்தார். சார் ரம்புட்டான் உரிப்பதில் மும்முரமாகிவிட்டார். என் வீட்டுக்காரருக்குக் காது மடல் சிவந்தது. குண்டுக்குப் பயப்படாத மனிதர், சுற்றி நின்ற கூட்டத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"நாலு பேர் இருக்காங்க" என்றார்.

"இருக்கட்டும்."

பின்னால் போனார். தொண்டையைச் செருமிக்கொண்டார். நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

"ஏட்டி" என்றார். குரல் கொஞ்சம் உடைந்தது. "பைய... பைய வா... இடது பக்கம் ஒடி... வா, வா... நான் இருக்கேம்லா."

வந்தேன். கண் முழுக்கத் தண்ணீர், எதிரே ஒன்றும் தெரியவில்லை. வேனுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் ஒரு கீறல் இல்லாமல் வெளியே எடுத்தேன்.

பின் சீட்டில் சார் ரம்புட்டானைக் கீழே போட்டுவிட்டு முன்னால் பாய்ந்து வந்தார். "அதேதான்! அதே வார்த்தை! பாபீஜி, சொல்லுங்கள், என்ன அர்த்தம்?"

என் வீட்டுக்காரர் முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தார். பின் சீட்டில் இருந்த இந்த ஆளுக்கு அவருடைய பேச்சு முழுவதும் கிடைத்தது, சிரிப்பு கிடைத்தது, ஆஸ்பத்திரியில் சாத்துக்குடி உரிக்கிற பாக்கியமும் கிடைத்தது. இதையும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"பின்னால் எல்லாம் சரி என்று அர்த்தம், சார்" என்றேன்.